கல்லு நட்டவர்

ஏமாறுகிறவர்களைக் குறிக்க எங்கள் பக்கத்தில் சொல்லுக்குப் பஞ்சம் கிடையாது. மழைக்குத்தான் பஞ்சம். பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவில், செம்மண்ணும் கிளுவை வேலியுமாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. நான் அங்கே வளர்ந்த காலத்தில் இந்த ஒரு வகை மனிதருக்கு மட்டும் ஏழெட்டுப் பெயர்கள் புழக்கத்தில் இருந்தன. வெளியூர்க்காரர்கள் எல்லாம் ஒன்றுதானே என்பார்கள். ஒன்றில்லை. இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புராணி என்றால் சூது தெரியாதவர். அதை ஒருவர் முகத்துக்கு நேராகவே சொல்லலாம், பாதி பாராட்டு. ஏமாளி என்று பெயர் வாங்க ஒரு தடவையாவது ஏமாந்து காட்டியிருக்க வேண்டும். இளிச்சவாயன் அதற்கு ஒரு படி மேலே. ஏமாறும்போது சிரித்துக்கொண்டும் இருப்பான். சோணகிரி தனியாக வருவதில்லை, ‘ஏமாந்த’ என்ற சொல்லைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வருவான். கூமுட்டை என்பது அடைக்கு வைத்தும் பொரிக்காத முட்டை. அதை வீட்டுக்குள், பெற்ற பிள்ளைகளைத் திட்டுவதற்காக வைத்திருந்தார்கள். கேணையன் என்று சொல்வதானால் பக்கத்தில் விலக்கிவிட ஆள் இருக்க வேண்டும். ஏப்பசாப்பை என்பதைக் கேள்வியாக மட்டுமே கேட்டிருக்கிறேன். ‘என்னை என்ன ஏப்பசாப்பைன்னு நெனைச்சீங்களா’ என்று கேட்பார்களே தவிர, நான் ஏப்பசாப்பைதான் என்று ஒப்புக்கொண்டவர் ஒருவரும் இல்லை.

செய்கிற வேலைக்கும் தனித்தனிப் பேச்சு உண்டு. காதில் பூச்சுற்றுவது சின்னப் பொய். தலையில் மிளகாய் அரைப்பதற்குக் கூடவே இருந்து பழக வேண்டும். நாமம் போட்டாயிற்று என்றால் ஆள் ஊரை விட்டுப் போய்விட்டான் என்று அர்த்தம். இவற்றில் எதைச் சொன்னாலும் எங்கள் ஆட்கள் கடைசியில் ஒரு ‘ங்க’ சேர்த்துவிடுவார்கள். “நீங்க ஒரு இளிச்சவாயனுங்க” என்று ஒருவர் சொல்ல, மற்றவர் “ஆமாங்க” என்று சொன்னதை நான் காதாரக் கேட்டிருக்கிறேன். இரண்டு பேரும் பிறகு ஒரே வண்டியில் ஏறிச் சந்தைக்குப் போனார்கள்.

இவ்வளவு இருந்தும் போதாமல், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் ஊருக்குப் புதிதாக ஒரு பேச்சு சேர்ந்தது. ஏமாந்தவனை ‘கல்லு நட்டுப்போட்டான்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கல்லை நட்டவர் என் அப்பா. அதைப் பேச்சாக்கியவள் நான். இந்த இரண்டாவது விஷயம் அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அப்புராணி. அதில் ஊரில் இரண்டு அபிப்பிராயம் இருந்ததில்லை. எங்களுக்குக் கிணற்றுத் தோட்டம், தோட்டத்துக்குள்ளேயே வீடு. ரோட்டிலிருந்து யார் உள்ளே வந்தாலும் அப்பாவுக்கு அவர் ஒரம்பரை, அதாவது விருந்தாளி. ஒரம்பரைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. வந்தவர் சாப்பிடுவதற்கு முன்னால் என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்கக் கூடாது. அது விரட்டுவது போல. சாப்பிட்ட பிறகு அவர் சொல்வதைச் சந்தேகப்படக் கூடாது. அது போட்ட சோற்றைச் சொல்லிக்காட்டுவது போல. நடுவில் அவர் கை கழுவுகிற நேரம் மட்டும்தான் மிச்சம். அதற்குள் அப்பா வெற்றிலைத் தட்டை எடுக்கப் போய்விடுவார்.

அந்த வருஷம் தை மாதம் பொங்கல் கழிந்து ஒரு ஆள் வந்தார். காக்கிக் கோட்டு, தொப்பி, தோல் பை, அளக்கிற சங்கிலி. மலையிலிருந்து கரண்டு இறங்கிக் கோயமுத்தூர் மில்களுக்கு வந்துவிட்டது என்பதும், சிங்காநல்லூர்ப் பக்கம் யாரோ ஒருவர் தோட்டத்தில் பித்தானைத் தட்டினால் கிணற்றுத் தண்ணீர் தானாக மேலே வருகிறது என்பதும் சந்தைக்குப் போய்வருகிறவர்கள் மூலமாக எங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கரண்டை எங்கள் ஊருக்குக் கொண்டுவரத்தான் தாம் வந்திருப்பதாக அந்த ஆள் சொன்னார். சாப்பிட்ட பிறகுதான் சொன்னார். ஆகவே அது உண்மை என்று ஆகிவிட்டது.

அவர் எங்கள் வீட்டில் பதினோரு நாள் இருந்தார். கம்பம் எங்கெங்கே வர வேண்டும் என்று நிலத்துக்காரரே கல் நட்டுக் காட்ட வேண்டும், அதுதான் விதி என்றார். அப்பா குவாரியிலிருந்து கல் கொண்டுவந்து, ரோட்டிலிருந்து கிணறு வரைக்கும் முப்பது அடிக்கு ஒன்றாக, இடுப்பு உயரத்துக்குப் பதினேழு கல் நட்டார். குழி தோண்டியது அப்பா. கல்லைப் பிடித்துக்கொண்டது நானும் அம்மாவும். நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தது அந்த ஆள். பிறகு ஒவ்வொரு கல்லிலும் தாரால் நம்பர் போட்டார். நம்பர் போட்டதும் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அதை இப்போது மறைப்பதில் பிரயோஜனம் இல்லை.

பதினோராம் நாள், மோட்டார் சத்தத்துக்கு மாடு மிரளும் என்று அவர் சொன்னார். எங்களிடம் ஒரு ஜோடி காங்கேயம் காளைகள் இருந்தன. அவைதான் கிணற்று மேட்டில் முன்னும் பின்னும் நடந்து தோல் சாலில் தண்ணீர் இறைத்துத் தோட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. தாராபுரத்தில் கம்பெனிக்காரர்கள் மாட்டை எடுத்துக்கொண்டு மோட்டார் தருகிறார்கள், நானே ஓட்டிக்கொண்டு போய் மாற்றி வருகிறேன் என்றார். அப்பா காளைகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, புதுக் கயிறு போட்டார். வழியில் மாடு வாடக் கூடாது என்று ஒரு சாக்குப் பருத்திக்கொட்டை கொடுத்தார். சாக்கைத் தோளில் சுமந்துகொண்டு போக முடியாதே என்று வண்டியையும் கொடுத்தார்.

“வாரேனுங்க” என்றார் அந்த ஆள். பதினோரு நாளில் எங்கள் பேச்சு அவருக்கு நன்றாக வந்துவிட்டிருந்தது.

அவர் வரவில்லை. மாசி போயிற்று. அப்பா தினமும் ரோட்டுப் பக்கம் போய் முதல் கல்லுக்கு அருகில் நின்றுவிட்டு வருவார். “கெவுருமெண்டு வேலைன்னா கொஞ்சம் தாமசமாகுமுங்க” என்று கேட்காதவர்களிடமும் சொல்வார். அமாவாசையன்று பதினேழு கல்லையும் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். கல் என்று ஒன்றை நட்டுவிட்டால் அதைச் சும்மா விடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஒரு மாதத்துக்குள் ரோட்டோரத்து முதல் கல்லில் வழிப்போக்கர்கள் கற்பூரம் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அது என்ன சாமி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றாம் நம்பர் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

மிளகாய் காய்ந்தது. பிறகு புகையிலை காய்ந்தது. பெரியப்பா வாரத்துக்கு ஒரு நாள் தம் காளைகளை விட்டார். மற்ற நாளில் நானும் அம்மாவும் குடத்தைக் கயிற்றில் கட்டி, பசுவுக்கும் கத்தரிச் செடிக்கும் எங்களுக்கும் கையாலேயே சேந்தினோம். என் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து போயின. அப்பாவின் மேல் எனக்கு அப்போது இருந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கோபத்தைக் காட்டினால் அவர் வருத்தப்படுவார். வருத்தப்பட்டால் சாப்பிட மாட்டார். சாப்பிடாவிட்டால் அம்மா என்னைத் திட்டுவாள். ஆகவே கோபத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டியிருந்தது.

பங்குனியில் பெரியப்பாவின் காட்டில் பருத்தி எடுப்பு நடந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தோம். அதில் ஒரு அக்கா, உடையாத கண்ணாடி வளையல் என்று ஒரு வளையல்காரன் சொன்னதை நம்பி, ஒரு படி உளுந்தைக் கொடுத்து இரண்டு கைக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இரண்டாவது வரிசை முடிவதற்குள் எல்லாம் உடைந்துவிட்டது. கையைப் பார்த்துப் பார்த்து அழ ஆரம்பித்தாள்.

“ஏனக்கா, நீயும் கல்லு நட்டுப்போட்டயா?” என்றேன்.

பருத்திக் காடே சிரித்தது. அழுதுகொண்டிருந்த அக்காவும் சிரித்தாள். மடியில் இருந்த பருத்தி கீழே விழுவது தெரியாமல் சிரித்தார்கள். கை வலிக்க ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. சாயங்காலத்துக்குள் அதே பேச்சை இன்னும் மூன்று தடவை, மூன்று விதமாகச் சொன்னேன்.

பேச்சு பரவுகிற வேகம் வேறு எதற்கும் இல்லை. பத்து நாளில் ஊர் முழுக்க அதைச் சொன்னது. சொன்னதோடு நிற்காமல் வளர்த்தார்கள். ஏமாந்தால் கல்லு நட்டான். ஏமாற்றினால் கல்லு நட வைத்தான். அடியோடு ஏமாந்தவன் பதினேழும் நட்டவன். பாதியில் விழித்துக்கொண்டவன் எட்டாம் கல்லோடு நிறுத்தியவன். யாராவது நம்ப முடியாத எதையாவது சொன்னால், “இது எத்தனையாவது கல்லுங்க?” என்று கேட்டார்கள். இளிச்சவாயனும் சோணகிரியும் வேலையில்லாமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

சித்திரையில் அம்மாவோடு பல்லடம் சந்தைக்குப் போனேன். அங்கே முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு கலப்பைக் கொழுவை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். “இதப் போயி இரும்புன்னு வாங்கிப்போட்டு வந்தீங்களாக்கு? நல்லாக் கல்லு நட்டீங்க போங்க” என்றார் ஒருவர். நான் சொன்ன சொல் நான் பார்த்தே இராத ஒரு வாயில் இருந்தது. ரெண்டு எட்டு வைக்கிற வரைக்கும் எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்றாவது எட்டில் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, எதுவும் காதில் விழாதது போல, ரொம்ப வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.

ஒன்றை மட்டும் ஊருக்காகச் சொல்ல வேண்டும். அப்பா இருக்கிற இடத்தில் ஒருவர்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவர் தூரத்தில் வருவது தெரிந்தால் பேச்சு மழைக்குத் திரும்பிவிடும். அவருக்கும் விஷயம் தெரியும், தெரியாதது போல இருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது என் தப்பு. தெரியாதது போல இருப்பதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

எனக்கு அப்போது பதினெட்டு. அந்தக் காலத்துக்கு அது தாமதம். அந்த வருஷம் மட்டும் இரண்டு இடம் வந்து, ஜாதகம் சேரவில்லை என்று போய்விட்டது. ஜாதகத்தில் ஒன்றும் இல்லை. காளை ஜோடியைத் தானே ஓட்டிக் கொடுத்த வீட்டில் பெண் எடுத்தால் நாளைக்கு நம்மையும் சேர்த்துச் சிரிப்பார்கள் என்று ஒரு பயம். பிறகு வைகாசியில் தாராபுரத்துப் பக்கமிருந்து ஒரு இடம் வந்தது. எங்கள் ஊருக்கு அது ஒரு நாள் வண்டிப் பயணம். அவ்வளவு தூரத்துக்கு அந்தப் பேச்சு போயிருக்காது என்று அம்மா கணக்குப் போட்டாள்.

மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு அமராவதி ஆற்றுப் பாசனம், வாய்க்காலில் தண்ணீர் தானாக வயலுக்கு வரும் என்று தரகு பேசியவர் சொன்னார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அந்தக் கலியாணம் நடக்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. பதினேழு கல்லையும்கூட விடவில்லை.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் அம்மா வீடு வீடாகப் போனாள். நானும் கூடப் போனேன்.

“நாளைக்கு ஒரம்பரை வாராங்க. அந்தப் பேச்சு மட்டும் வேண்டாமுங்க” என்பாள்.

“எந்தப் பேச்சுங்க?”

“அதானுங்க.”

“எதுங்க?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டு காலால் மண்ணைக் கீறுவாள். எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். “அட, அதுங்களா. நாங்க எதுக்குங்க பேசறோம்? அதெல்லாம் பேசறதே இல்லீங்க” என்பார்கள். வளையல் உடைந்த அக்கா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வேலியைப் பார்த்தேன்.

கற்களைப் பிடுங்கிவிடலாம் என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

“கரண்டுக்காரங்க வந்து பார்த்தா என்ன நெனைப்பாங்க?” என்றார் அப்பா.

விடிந்ததும் நானும் அம்மாவும் சோளத்தட்டைக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய், பதினேழு கல்லின் மேலும் சாய்த்து மறைத்தோம். ரோட்டிலிருந்து பார்த்தால் பதினேழு பேர் முக்காடு போட்டுக்கொண்டு எங்கள் கிணற்றுக்குப் போவது போல இருந்தது.

ஏழு பேர் வந்தார்கள். ஐந்து ஆண், இரண்டு பெண், மாப்பிள்ளை வரவில்லை. பெண்கள் என்னைப் பார்த்தார்கள், பேசவிட்டுப் பார்த்தார்கள், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்கள். “வேலை செய்யற கை” என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னபோது எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. மாப்பிள்ளையின் அப்பா கலகலப்பான மனிதர். “சோளத்தட்டை என்னுங்க, வரிசையா வச்சிருக்கறீங்க?” என்று கேட்டார். அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அம்மா உள்ளேயிருந்து ஒரு பித்தளை அண்டாவைக் கீழே போட்டாள். அந்த அண்டாவில் இன்னும் அந்த நசுங்கல் இருக்கிறது.

பெண் பார்க்க வந்தவர்கள் சம்மதமில்லாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். மோர் குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள், சோறு மட்டும் உண்ண மாட்டார்கள். உண்டுவிட்டால் பேச்சு முடிந்தது, இனி நாள் பார்க்க வேண்டியதுதான். அன்றைக்கு மாப்பிள்ளையின் அப்பா தம் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தலையாட்டினார்கள். “இலை போடச் சொல்லுங்க, ஒரம்பரை முறையில ஒக்காந்து சாப்பிடலாம்” என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து இலை போட்டோம். இனிப்புக்கு ஒப்புட்டு, அதற்கு நெய், இடியாப்பம் போலச் சந்தவம், அதற்குத் தேங்காய்ப்பால் என்று நான்தான் பரிமாறினேன். சந்தோஷத்தில் ஒரே இலைக்கு இரண்டு தடவை நெய் விட்டேன்.

பெரியப்பா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் அப்பா இலையின் முன்னால் உட்கார்ந்து, கையை நீட்டிக்கொண்டே, அந்த வருஷம் தாம் வாங்கிய கடலை விதையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வியாபாரி நல்ல விதை என்று கொடுத்தானாம், பத்துக்கு ஒன்றுகூட முளைக்கவில்லையாம்.

“நானும் நல்லாக் கல்லு நட்டுப்போட்டனுங்க” என்று சொல்லிச் சிரித்தார்.

பெரியப்பா தண்ணீரைக் கையில் ஊற்றாமல் தரையில் ஊற்றினார். எங்கள் சொந்தக்காரர்கள் கூரை ஓட்டைப் பார்த்தார்கள். அம்மாவிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காக ஒருவர் இருமினார். அப்பா மட்டும் அக்கறையாகக் கேட்டார்.

“கடலைக் காட்டுல எதுக்குங்க கல்லு நட்டீங்க?”

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஆச்சரியம். “அட, உங்க பக்கம் இந்தப் பேச்சு இல்லீங்களா? எங்க சந்தையில இப்ப இதானுங்க பேச்சு. ஏமாந்தவனை அப்படிச் சொல்றதுங்க. எந்த ஊர்லயோ ஒரு இளிச்சவாயனாமுங்க. கரண்டு வருதுன்னு எவனோ சொன்னானாம். இவன் தோட்டம் பூராத்துக்கும் கல்லு நட்டு, மாட்டையும் புடிச்சுக் குடுத்து, வாங்க வாங்கன்னு வழியனுப்பி வச்சானாமுங்க.”

நான் நெய்ச் சட்டியோடு நிலைப்படியில் நின்றிருந்தேன். அங்கிருந்து அப்பாவின் முகம் நன்றாகத் தெரிந்தது. முதலில் அவர், அடப் பாவமே என்பது போலத் தலையை ஆட்டினார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார். பெரியப்பாவைப் பார்த்தார், பெரியப்பா செம்பைப் பார்த்தார். மற்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஊர் முழுக்க அவரைக் கண்டதும் மழையைப் பற்றிப் பேசியது ஏன் என்று அந்த இடத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. கடைசியாக என் பக்கம் திரும்பினார். நான் கண்ணால் கெஞ்சினேன். சும்மா இருங்கப்பா, ஒரு வாய் சாப்பிடட்டும், ஒரே ஒரு வாய். அவருக்கும் அது புரிந்தது. புரிந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

“அது நானுங்க” என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். “தமாசு பண்ணாதீங்க.”

“இல்லீங்க, நெசமுங்க. வண்டியும் குடுத்தனுங்க. அதைச் சொல்லலீங்களா?”

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சம்பந்தம் பேச வந்த வீட்டில், அந்த வீட்டுக்காரரை முகத்துக்கு நேரே இளிச்சவாயன் என்று சொல்லிவிட்டு, அதே இலையில் உட்கார்ந்து ஒப்புட்டுத் தின்ன எங்கள் பக்கத்து மனிதர் யாராலும் முடியாது. அவர் எழுந்தார். மற்ற நாலு பேரும் எழுந்தார்கள். “வெய்யலு ஏறுதுங்க. நேரத்தோட பொறப்படோணுமுங்க” என்று மூன்று தடவை கும்பிட்டார். வண்டியில் ஏறிய பிறகும் ஒரு தடவை கும்பிட்டார். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்து விட்டுவிட்டுப் போனார்.

அவர்களிடமிருந்து பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. எங்களை இளப்பமாக நினைத்துவிட்டார்களா, வெட்கத்தால் திரும்பி வர முடியவில்லையா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து உடுமலைப்பேட்டைப் பக்கம் எனக்குக் கலியாணம் ஆயிற்று. அங்கேயும் கிணற்றுப் பாசனம்தான்.

அன்றைக்கு வண்டி ரோட்டில் ஏறி மறைந்ததும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அம்மா சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். நான் கட்டியிருந்த பட்டுச் சேலையோடு கிணற்றடிக்குப் போய் நின்றேன். அப்பா வந்து பக்கத்தில் நின்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“என்னாலதான் கண்ணு உன்ற கலியாணம் நின்னு போச்சு” என்றார். “பொய் சொல்ல வாய் வரலை. சும்மா இருந்திருக்கலாம். அதுவும் வரலை.”

நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

“அந்தப் பேச்சைக் கெளப்பிவுட்டவங்களையும் கொறை சொல்ல முடியாது. நட்டது நெசந்தான. யாராச்சும் பாக்கறவங்க சொல்லத்தான் செய்வாங்க.”

அவர் என்னை அடித்திருந்தால்கூட நான் சொல்லியிருக்க மாட்டேன்.

“நான்தானுங்கப்பா” என்றேன். “அந்தப் பேச்சைக் கெளப்புனது நான்தான். பெரியப்பா காட்டுல பருத்தி எடுக்கறப்ப, அந்த வளையல் ஒடஞ்ச அக்காகிட்ட நான்தான் சொன்னேன். அல்லாரையும் சிரிக்க வெக்கோணும்னு சொன்னேன். அல்லாரும் சிரிச்சாங்க. பொறவு நானே நாலு பேர்த்துகிட்ட சொன்னேன்.” வரிசை முடிகிற இடம், வளையலின் நிறம், யார் யார் இருந்தார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். காக்கிக் கோட்டுக்காரர் பேசியதையும் அவர் இப்படித்தான், குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டிருந்தார். நான் முடித்த பிறகு என்னைப் பார்த்தார்.

“இருக்காது கண்ணு” என்றார்.

“நெசமுங்கப்பா.”

“நீ அப்படிச் சொல்ற புள்ளை இல்லை. எவளோ சொல்லிப்போட்டு, உன்ற மேல பழியப் போட்டிருக்கறா. நீயும் நாமதான் சொன்னமாட்ட இருக்குதுன்னு நம்பிப்போட்ட.”

“சாமி சத்தியமா நான்தானுங்கப்பா.”

என் தலையில் கையை வைத்தார். அவர் முகத்தில் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. விவரம் தெரியாத பிள்ளையைப் பார்த்து வருகிற சிரிப்பு.

“ஊருல ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுவாங்க அம்மணி. அல்லாத்தையும் நம்பிப்போடக் கூடாது” என்றார்.

அதற்குப் பிறகு அப்பா இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம், தனியாக இருக்கிற நேரம் பார்த்து, நான் நாலைந்து தடவை அதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவே இல்லை.